1924 காவிரி ஒப்பந்தம் முடிந்த பிறகு: டெல்டா இழந்தது தண்ணீரை மட்டுமா?

1924 பிப்ரவரி 18 அன்று சென்னை மாகாண அரசும் மைசூர் சமஸ்தானமும் காவிரி ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. அதற்கு 50 ஆண்டு நிறைந்த நாள் 1974 பிப்ரவரி 18. டெல்டாவில் அது சம்பா அறுவடை முடிந்து வயலில் உளுந்தும் பயறும் கிடக்கிற பருவம். வழக்கப்படி மேட்டூர் ஜனவரி 28-லேயே அடைபட்டுவிடும். ஆகவே கல்லணையிலிருந்து வேதாரண்யம் வரை அன்றைக்கு யாருக்கும் எந்த வித்தியாசமும் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

வணிக ஒப்பந்தம் காலாவதியானால் இப்படி இருக்காது. 1989 மார்ச் 23-இல் இந்தியா–நேபாள வணிக ஒப்பந்தமும் சரக்குப் போக்குவரத்து ஒப்பந்தமும் முடிந்தபோது, எல்லைச் சாவடிகளில் இரண்டைத் தவிர மற்றவை மூடப்பட்டன. காத்மாண்டுவில் மண்ணெண்ணெய்க்கு வரிசை நிற்பதற்கு அதிக நாள் ஆகவில்லை. வலி உடனே தெரிந்தது, அடுத்த ஆண்டே பேச்சு முடிந்து பழைய நிலை திரும்பியது. நதிநீர் ஒப்பந்தம் முடிந்தால் வலி உடனே தெரியாது. மழை நன்றாகப் பெய்யும் வரை ஒப்பந்தம் இருக்கிறதா இல்லையா என்பதே புலப்படாது. முதல் வறட்சி வருவதற்குள் மேலே கட்ட வேண்டியதைக் கட்டி, பயிரிட வேண்டியதைப் பயிரிட்டிருப்பார்கள். காவிரியில் நடந்தது அதுதான்.

ஒப்பந்தத்தில் இருந்தவை

1924 ஒப்பந்தத்தைத் தண்ணீர்ப் பங்கீடு என்று சொல்வது பழகிவிட்டது. அதில் இந்த மாநிலத்துக்கு இத்தனை டிஎம்சி (ஒரு டிஎம்சி நூறு கோடி கனஅடி) என்ற பங்கீடு கிடையாது. இருந்தவை மூன்று. முதலாவது, அணைகளின் கொள்ளளவு: கிருஷ்ணராஜசாகர் 44.8 டிஎம்சி, மேட்டூர் 93.5 டிஎம்சி. இரண்டாவது, புதிதாகப் பாசனத்துக்குக் கொண்டுவரும் பரப்புக்கு வரம்பு: மைசூருக்கு கிருஷ்ணராஜசாகரின் கீழ் 1.25 லட்சம் ஏக்கர், மற்ற நீர்த்தேக்கங்களின் கீழ் 1.10 லட்சம் ஏக்கர், சென்னைக்கு 3.01 லட்சம் ஏக்கர். மூன்றாவது, பின்னிணைப்பில் இருந்த அணை இயக்க விதிகள்.

டெல்டாவுக்கு உயிர்நாடி இந்த மூன்றாவதுதான். முக்கொம்பு மேலணையில் உள்ள அளவுகோலில் நீர்மட்டம் மாதத்துக்கு மாதம் இத்தனை அடி இருக்க வேண்டும். அது கிடைத்த பிறகே கிருஷ்ணராஜசாகரில் தேக்கலாம் என்பது விதியின் சாரம். கீழே இருப்பவன் குடித்த மிச்சத்தை மேலே இருப்பவன் தேக்க வேண்டும் என்ற ஏற்பாடு. இது மைசூருக்குக் கசந்தது நியாயமே. 1892 ஒப்பந்தத்திலும் சரி, 1924-லும் சரி, எதிரே உட்கார்ந்திருந்தது பிரிட்டிஷ் அரசின் மாகாணம். சமஸ்தானம் சமபலத்தோடு பேசவில்லை என்ற கர்நாடகத்தின் வாதத்தை டெல்டாவில் பலரும் காதில் வாங்குவதே இல்லை. வாங்கியிருந்தால் 1974-க்கு இன்னும் முன்கூட்டியே தயாராகியிருக்கலாம்.

ஒப்பந்தம் உயிரோடு இருந்த காலத்தில் தகராறே வரவில்லை என்பதும் சரியில்லை. இயக்க விதிகளுக்குப் பொருள் கொள்வதில் சில ஆண்டுகளிலேயே சண்டை வந்தது. தகராறு வந்தால் நடுவரிடம் போக வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்ததால், 1929-இல் நடுவர் தீர்ப்பு வந்து, அதோடு துணை ஒப்பந்தமும் எழுதப்பட்டு விஷயம் முடிந்தது.

சிக்கல் இருந்த இடம்

10-வது பிரிவின் 11-வது உட்பிரிவில்தான் சிக்கல். 4 முதல் 8 வரையிலான உட்பிரிவுகளில் உள்ள வரம்புகளும் ஏற்பாடுகளும் 50 ஆண்டு முடிவில், அதுவரை கிடைத்த அனுபவத்தின் அடிப்படையில், மறுபரிசீலனைக்கு உரியவை. இரு அரசுகளும் ஒப்புக்கொள்ளும் மாற்றங்களைச் செய்யலாம் என்று அது சொல்கிறது. ஒப்புக்கொள்ளாவிட்டால் என்ன என்று ஒரு வரி கூட இல்லை.

அந்த ஒரு வரி இல்லாததால் இரண்டு வாசிப்புக்கு இடம் வந்தது. மறுபரிசீலனைக்கு வருவது அந்த ஐந்து உட்பிரிவுகள்தான், இயக்க விதிகள் உட்பட மற்றவை நிரந்தரம், மாற்றத்துக்கு ஒப்புதல் கிடைக்கும் வரை பழையதே தொடரும் என்றது தமிழ்நாடு. 50 ஆண்டோடு ஒப்பந்தம் முழுவதும் முடிந்தது என்றது கர்நாடகம். 1990-இல் அமைந்த காவிரி நடுவர் மன்றம், 2007 இறுதித் தீர்ப்பில், ஒப்பந்தம் முடிந்துபோனதாக ஏற்கவில்லை. 2018 பிப்ரவரி 16-இல் உச்ச நீதிமன்றம் 1974-லேயே முடிந்துவிட்டது என்று தீர்ப்பளித்தது. ஒரு காகிதம் உயிரோடு இருக்கிறதா இல்லையா என்பதற்கு 44 ஆண்டு கழித்து விடை கிடைத்தது. அந்த விடையால் வயலில் மாறக்கூடியது எதுவும் அப்போது மிச்சமில்லை.

கெடு நெருங்குவது யாருக்கும் தெரியாமல் இல்லை. 1960-களின் கடைசியிலிருந்தே அமைச்சர்கள் மட்டத்தில் பேச்சு ஓடியது. கபினி, ஹேமாவதி, ஹாரங்கி அணை வேலைகள் மைசூர் மாநிலத்தில் தொடங்கியிருந்தன. 1971-இல் தமிழ்நாடு உச்ச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்று சொல்லப்பட்டதால் 1972-இல் திரும்பப் பெற்றது. பதிலுக்குக் கிடைத்தது உண்மை அறியும் குழு. அந்தக் குழுவின் கணக்குப்படி அப்போதைய பயன்பாடு தமிழ்நாடு 489 டிஎம்சி, கர்நாடகம் 177, கேரளம் 5.

வழக்கைத் திரும்பப் பெற்றது பெரிய தவறு என்பது டெல்டாவில் நிலவும் பொதுக்கருத்து. அது பாதி உண்மைதான். திரும்பப் பெறும்போது, பேச்சு முடியும் வரை இயக்க விதிகளை இரு தரப்பும் கடைப்பிடிக்கும் என்று எழுத்தில் வாங்காததுதான் கூடுதலான தவறு. வாய்தா வாங்கும் வழக்கறிஞர் கூட இடைக்கால உத்தரவு கேட்காமல் வாய்தா வாங்க மாட்டார்.

1976 ஆகஸ்டில் ஒரு உடன்பாடு நாடாளுமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. அப்போது தமிழ்நாட்டில் குடியரசுத் தலைவர் ஆட்சி. பின்னால் தேர்தலில் வந்த அரசு அதை ஏற்கவில்லை. அதோடு கதை நின்றது.

ஒப்பந்தமும் இல்லாத, உத்தரவும் இல்லாத 16 ஆண்டு

1974 முதல் 1990 வரை காவிரியில் யார் எவ்வளவு தேக்கலாம் என்று சொல்ல இரு தரப்பும் ஏற்ற ஏற்பாடு எதுவும் இல்லை. கபினி 19.5 டிஎம்சி, ஹேமாவதி 37.1, ஹாரங்கி 8.5. மூன்றும் சேர்ந்தால் சுமார் 65 டிஎம்சி. இந்த நீர்த்தேக்கங்களும் அவற்றின் கால்வாய்களும் இந்தக் காலத்தில்தான் ஒவ்வொன்றாகப் பயன்பாட்டுக்கு வந்தன. மத்திய அரசின் அனுமதிக்கும் திட்ட நிதிக்கும் காத்திராமல் கர்நாடகம் சொந்தப் பணத்தில் கட்டியது.

ஜூன், ஜூலையில் குடகிலும் வயநாட்டிலும் பெய்யும் தென்மேற்குப் பருவமழைதான் மேட்டூருக்கு வரும் தண்ணீர். முன்பு மேலணை அளவுகோல் நிறைந்த பிறகு தேக்கினார்கள். இப்போது முதலில் மேலே நான்கு அணையும் நிறையும், பிறகு வழிவது கீழே வரும். நல்ல மழை ஆண்டில் இந்த வரிசை மாற்றத்தால் ஒன்றும் ஆகாது, ஆகஸ்டில் எப்படியும் வழியும். மழை ஒரு மாதம் தள்ளிப்போனால் அந்த ஒரு மாதத் தட்டுப்பாடு முழுவதும் மேட்டூரின் தலையில் விழும். ஆண்டு மொத்தக் கணக்கைப் பார்த்தால் இது தெரியாது. ஜூன் 12 முதல் செப்டம்பர் வரையிலான வரத்தைத் தனியாக எடுத்தால்தான் தெரியும்.

இந்த இடைவெளியின் உண்மையான விலை 1991-இல் வெளியே வந்தது. டெல்டா விவசாயிகள் சங்கம் ஒன்று 1983-இல் போட்ட ரிட் மனுவில், 1990 மே 4 அன்று உச்ச நீதிமன்றம் நடுவர் மன்றம் அமைக்கச் சொன்னது. ஜூன் 2-இல் அமைந்தது. 1991 ஜூன் 25-இல் இடைக்கால உத்தரவு: மேட்டூருக்கு ஆண்டுக்கு 205 டிஎம்சி, கர்நாடகம் தன் பாசனப் பரப்பை 11.2 லட்சம் ஏக்கருக்கு மேல் கூட்டக் கூடாது. இந்த 205 எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். 1980–81 முதல் 1989–90 வரையிலான பத்தாண்டு நீர்வரத்தில், மிக நல்ல ஆண்டுகளையும் மிக மோசமான ஆண்டுகளையும் கழித்துவிட்டு எடுத்த சராசரி அது. அதாவது மேலே அணைகள் தேக்கத் தொடங்கிவிட்ட பத்தாண்டு. 1974-க்கு முந்தைய வரத்து அடிப்படையாகவில்லை. 1924-இல் மைசூருக்குப் புதிதாக அனுமதித்தது மொத்தமே 2.35 லட்சம் ஏக்கர். 2007 இறுதித் தீர்ப்பில் கர்நாடகத்தின் பாசனப் பரப்பு 18.85 லட்சம் ஏக்கர், தமிழ்நாட்டுக்கு 24.71 லட்சம் ஏக்கர்.

ஒப்பந்தம் இல்லாத காலத்தில் நடைமுறையில் என்ன நடந்ததோ அதுவே அடுத்த உத்தரவுக்கு அளவுகோல் ஆகிறது. மேலே இருப்பவருக்குக் காலம் சும்மா கடந்தாலே லாபம். ஆகவே 26 சுற்றுப் பேச்சு ஏன் முடிவில்லாமல் இழுத்தது என்பதில் பெரிய மர்மம் ஒன்றும் இல்லை.

தேதி தவறினால் வயலில் என்ன ஆகும்

மேட்டூர் திறப்புக்கு வழக்கமான நாள் ஜூன் 12, அடைப்பு ஜனவரி 28. அணையில் 90 அடிக்கு மேல், அதாவது 52 டிஎம்சிக்குக் குறையாமல் இருந்து, தென்மேற்குப் பருவமழையும் நம்பிக்கையாக இருந்தால்தான் ஜூனில் திறப்பார்கள். திறந்த தண்ணீர் கல்லணைக்கு வர மூன்று, நான்கு நாள். அங்கே காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரிகிறது. அதிலிருந்து அரசலாறு, குடமுருட்டி, வெட்டாறு என்று கிளைத்து, ஏ, பி பிரிவுப் பெரிய வாய்க்கால்களில் இறங்கி, சி, டி என்ற சிறு வாய்க்கால் வழியாகக் கடைமடை வயலுக்கு எட்ட இன்னும் ஒரு வாரம் பத்து நாள் ஆகும். வாய்க்கால் தூர்வாராமல் கிடந்தால் அதற்கு மேலும்.

குறுவைக்கு ஆடுதுறை 36, ஆடுதுறை 43, ஏஎஸ்டி 16 மாதிரி 105 முதல் 115 நாள் ரகங்கள். ஜூனில் நாற்றுவிட்டு, ஜூலையில் நட்டு, செப்டம்பர் கடைசிக்குள் அறுத்தால்தான் அதே வயலில் இரண்டாம் போகமான தாளடி நடலாம், வடகிழக்குப் பருவமழை வலுப்பதற்குள் பயிர் ஊன்றிவிடும். திறப்பு ஜூலை நடுவைத் தாண்டினால், குறுவை அறுவடை அக்டோபர் மழையில் மாட்டும். களத்தில் நெல் முளைக்கும், கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் அதிகம் என்று திருப்புவார்கள். ஆகவே திறப்பு தள்ளிப்போன ஆண்டில் ஆற்றுப்பாசனத்தை மட்டும் நம்பியவர் குறுவையை விட்டுவிடுவார். இருபோகம் ஒருபோகம் ஆகும்.

சம்பாவுக்கு வரும் கேடு வேறு மாதிரி. மேட்டூர் திறந்த நாட்களைப் பாருங்கள்: 2012-இல் செப்டம்பர் 17, 2016-இல் செப்டம்பர் 20, 2017-இல் அக்டோபர் 2, 2019-இல் ஆகஸ்ட் 13, 2024-இல் ஜூலை 28. 2016-ஐ எடுத்துக்கொள்வோம். செப்டம்பர் 20-இல் திறந்தால் கடைமடைக்குத் தண்ணீர் வருவது அக்டோபர் முதல் வாரம். அப்போது நாற்றுவிட்டால் சிஆர் 1009 மாதிரி 155, 160 நாள் ரகம் மார்ச்சில்தான் அறுவடைக்கு வரும். அணையோ ஜனவரி 28-இல் மூடும். கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் வாய்க்கால் வறண்டிருக்கும். அதனால்தான் அப்படிப்பட்ட ஆண்டில் 130, 135 நாள் மத்திய கால ரகத்துக்கு மாறச் சொல்கிறார்கள். வேறு வழி, ஆகஸ்ட் கடைசியிலிருந்து கிடைக்கிற மழை ஈரத்தை நம்பி புழுதியில் நேரடி விதைப்பு. ஏக்கருக்கு 30 முதல் 40 கிலோ விதை வேண்டும். நடவுச் செலவு மிச்சம், ஆனால் களை இரண்டு மடங்கு; இடையில் பத்துப் பதினைந்து நாள் மழை நின்றால் முளைத்தது கருகும், மறுவிதைப்பு. நவம்பரில் ஒரே நாளில் கொட்டினால், தூர் கட்டாத இளம்பயிர் மூழ்கி அழுகும்.

2016-இல் அந்த வழியும் அடைபட்டது. வடகிழக்குப் பருவமழை வழக்கத்தைவிட 62 சதவீதம் குறைந்தது. 2017 ஜனவரி 10-இல் மாநிலம் முழுவதும் வறட்சி அறிவிக்கப்பட்டது.

இன்னொரு இழப்பு கணக்கில் வருவதே இல்லை. சம்பா, தாளடி அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பு நிற்கிற பயிருக்குள்ளேயே உளுந்து, பச்சைப்பயறு தெளிப்பது டெல்டா வழக்கம். வயலில் மிஞ்சிய ஈரத்திலும் பனியிலுமே அது விளையும். உழவு இல்லை, தண்ணீர் இல்லை, செலவு மிகக் குறைவு. தை மாதத்துக்குள் தெளித்தால் சரி. சம்பா மாசிக்குத் தள்ளினால் ஈரம் போய் வெயில் ஏறிவிடும். கையில் ரொக்கமாக நிற்கும் அந்தப் பயறுப் பணம்தான் பல வீடுகளில் கூட்டுறவுக் கடனைக் கட்டி நகையை மீட்கும் பணம்.

போர்வெல் போட்டவர், போட முடியாதவர்

தேதி நிச்சயம் இல்லாமல் போன பிறகு, வசதி உள்ளவர் நிலத்தடி நீருக்குப் போனார். பாபநாசம், கும்பகோணம், மயிலாடுதுறைப் பக்கம் பம்புசெட் வைத்தவர்கள் மேட்டூர் திறக்காவிட்டாலும் குறுவை போடுகிறார்கள். கீழ்வேளூர், திருக்குவளை, தலைஞாயிறு பக்கம் அது நடக்காது. அங்கே துளையிட்டால் பெரும்பாலும் உப்பு. ஒரே ஒப்பந்தம் முடிந்ததன் விளைவு, ஒரே ஆற்றின் தலைமடையில் ஒரு விதமாகவும் கடைமடையில் வேறு விதமாகவும் விழுந்தது.

இந்தப் போர்வெல்கள் பின்னால் கணக்கில் வந்தன. 2018 தீர்ப்பு தமிழ்நாட்டின் பங்கை 419-லிருந்து 404.25 டிஎம்சியாகக் குறைத்தது. குறைந்த 14.75-இல் 4.75 பெங்களூரு குடிநீருக்கு. மீதி 10 டிஎம்சிக்குக் காரணம், தமிழ்நாட்டின் காவிரிப் படுகையில் நிலத்தடி நீர் இருக்கிறது என்பது. டெல்டாவில் நிலத்தடி நீர் ஊறுவதற்கு ஆற்றில் தண்ணீர் ஓட வேண்டும் என்பதையும், கடலோரத்தில் அந்த நீர் பயிருக்கு உதவாது என்பதையும் இந்த 10 டிஎம்சி போதுமான அளவு கணக்கில் எடுத்ததாகச் சொல்ல முடியாது. ஆறு வராததால் தோண்டிய கிணறு, ஆறு குறைவாக வந்தால் போதும் என்பதற்குச் சான்றாகிவிட்டது.

இப்போது இருக்கும் ஏற்பாடு

2018 ஜூன் 1-இல் அரசிதழில் வந்த திட்டத்தின்படி காவிரி நீர் மேலாண்மை ஆணையமும் ஒழுங்காற்றுக் குழுவும் இயங்குகின்றன. மாநில எல்லையில் உள்ள பிலிகுண்டுலுவில் மத்திய நீர் ஆணையம் அளக்கிறது. கர்நாடகம் அங்கே தர வேண்டியது ஆண்டுக்கு 177.25 டிஎம்சி. மாதவாரி: ஜூன் 9.19, ஜூலை 31.24, ஆகஸ்ட் 45.95, செப்டம்பர் 36.76, அக்டோபர் 20.22, நவம்பர் 13.78, டிசம்பர் 7.35, ஜனவரி 2.76, பிப்ரவரி முதல் மே வரை மாதம் 2.5.

1924 விதிகளோடு ஒப்பிட்டால் இதில் ஒரு நன்மை, ஒரு குறை. எண் தெளிவாக இருக்கிறது, மாதம் முடிந்தால் பாக்கி எவ்வளவு என்று எவரும் சொல்லலாம், இது நன்மை. பற்றாக்குறை ஆண்டில் விகிதப்படி குறைத்துக்கொள்ள வேண்டும் என்று மட்டும் சொல்லி, எந்தத் தேதியில் எந்த அணை இருப்பை வைத்து எப்படிக் கணக்கிடுவது என்ற வாய்பாட்டை முடிவு செய்யாமல் விட்டது குறை. நல்ல ஆண்டில் யாரும் பட்டியலைப் பார்ப்பதில்லை. மோசமான ஆண்டில் பட்டியல் ஒதுக்கிவைக்கப்பட்டு, 15 நாளுக்கு ஒரு முறை பேரம் நடக்கிறது.

2023 அப்படிப்பட்ட ஆண்டு. ஜூன் 12-இல் மேட்டூரைத் திறந்தார்கள், டெல்டாவில் சுமார் 5 லட்சம் ஏக்கரில் குறுவை நின்றது. ஆகஸ்ட் பட்டியல்படி 45.95 டிஎம்சி என்றால் விநாடிக்குச் சராசரி 17,000 கனஅடிக்கு மேல். மாதக் கடைசியில் கிடைத்த உத்தரவு 15 நாளுக்கு விநாடிக்கு 5,000 கனஅடி. கணக்குப் போட்டால் 6.48 டிஎம்சி. வழியில் சொட்டு கூட வீணாகாமல் 5 லட்சம் ஏக்கரில் பரப்பினால் 9 சென்டிமீட்டர் ஆழம். ஆவியாவதும் கசிவதும் சேர்த்து நெல் வயலுக்கு நாளொன்றுக்கு 8 முதல் 10 மில்லிமீட்டர் என்று வைத்தாலும், அந்த 15 நாளுக்கு வேண்டியது 12 முதல் 15 சென்டிமீட்டர். மீதியை மேட்டூர் இருப்பிலிருந்து ஈடுகட்டினார்கள், முறை வைத்து விட்டார்கள். அக்டோபர் 10-இல் அணை மூடப்பட்டது. சம்பா மழையை நம்பி நின்றது.

முறைப்பாசனம் என்பது காகிதத்தில் எளிது. ஒவ்வோர் ஆற்றுக்கும் ஆறு நாள் குறித்து, மாற்றி மாற்றித் திறப்பது. வெண்ணாற்றுக்கு விடும் ஆறு நாளில் கடைமடை வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்து சேர்வது நான்காம் நாள் என்றால், அங்கே உண்மையில் கிடைப்பது இரண்டு நாள். அதற்குள் முறை மாறிவிடும், லஸ்கர் (மதகைத் திறந்து மூடும் ஊழியர்) வந்து ஷட்டரை இறக்குவார். அடுத்த முறையில் வறண்ட வாய்க்கால் முதலில் தன் தாகத்தைத் தீர்த்துக்கொள்ளும். குறைந்த தண்ணீரைச் சமமாகப் பிரித்தால் கடைசியில் இருப்பவருக்குச் சமமாகக் கிடைக்காது.

அடுத்த கெடு

2018 தீர்ப்பு, பங்கீடு 15 ஆண்டுக்கு மாறாது என்கிறது. அந்தக் கணக்கில் 2033 பிப்ரவரி. அதற்குப் பிறகு என்ன என்பது, 1924-இல் போலவே, இரு தரப்பும் வேறு வேறாக வாசிக்க இடம் தருகிறது. புதிய உத்தரவு வரும் வரை 177.25-ம் மாதப் பட்டியலும் தொடரும் என்ற ஒரு வரியைத் தமிழ்நாடு இப்போதே விளக்க மனுவாகக் கேட்கலாம். கெடு முடிந்த பிறகு கேட்டால் பேச்சுக்கு வரச் சொல்வார்கள்.

அதோடு வேண்டியவை ஆவணங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை பிலிகுண்டுலுவில் வந்தது எவ்வளவு, பாக்கி எவ்வளவு என்பதை ஆண்டு மொத்தத்தோடு கலக்காமல் தனியாகத் தொகுக்க வேண்டும். 2018, 2019, 2022 மாதிரி ஆண்டுகளில் வெள்ளமாக வந்து கொள்ளிடம் வழியாகக் கடலுக்குப் போனதை, பட்டியல்படி தந்த தண்ணீராகக் கழிக்க விடக்கூடாது. டெல்டாவின் நிலத்தடி நீரை ஒன்றியம் ஒன்றியமாக, உப்புத்தன்மை அளவோடு, ஆறு ஓடிய ஆண்டுக்கும் ஓடாத ஆண்டுக்கும் தனித்தனியே எழுதி வைக்க வேண்டும். அந்த 10 டிஎம்சியை மறுபடி வாதிட வேறு சான்று கிடையாது. காரைக்காலுக்காகப் புதுச்சேரி பெறும் 7 டிஎம்சியும் இதே வாய்க்கால்களில்தான் வருகிறது என்பதால், கடைமடை அளவீட்டை இரு அரசுகளும் சேர்ந்து செய்தால் செலவும் பாதி, நீதிமன்றத்தில் மதிப்பும் கூடும்.